கட்டுத்தறி சொல்லும் கதை

(நமது பங்கின் ஜூபிலி விழாவை முன்னிட்டுக் கோயில் முற்றத்தில் நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

அன்பார்ந்த பங்கு மக்களே, ஊர்ப் பெரியவர்களே, அருட்சகோதரிகளே, தாய்மார்களே, இளைஞர்களே, முன்வரிசையில் மணலில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருக்கும் அருமைக் குழந்தைகளே,



விழாக் குழுவினர் என்னிடம் வந்து, "சாமி, நீங்க நம்ம பங்கோட வரலாற்றப் பத்திப் பேசணும்" என்று கேட்டுக்கொண்டார்கள். சரி என்று தலையசைத்துவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். எந்த ஆண்டில் எந்தக் குரு இங்கே வந்தார், மணிக்கூண்டு எப்போது எழும்பியது, பீடத்துக்குப் பளிங்கு கொடுத்த புண்ணியவான் யார் என்பதெல்லாம் ஜூபிலி மலரிலே வரிசையாக அச்சாகப் போகின்றன. அதையே நானும் இங்கே ஒப்பித்தால், குழந்தைகள் தூங்கிவிடுவார்கள். பெரியவர்கள் தூங்குவது போல் தெரியாமல் தூங்குவார்கள். ஆகவே இன்று நான் வேறொரு ஊரைப் பற்றிப் பேசப் போகிறேன். அது கடல் கடந்த ஊர்; நம்மைப் போலவே கடலை முகம் பார்த்து நிற்கும் ஊர். அந்த ஊர்க்கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்களானால், சற்றுப் பொறுங்கள். கடைசியில் நம் கோயிலுக்குப் பின்புறத்தில்தான் வந்து நிற்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவில் சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்நாட்டின் தென்கிழக்கில் விக்டோரியா என்றொரு மாநிலம். அதன் தலைநகர் மெல்போர்ன். அங்கிருந்து தென்மேற்கே சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில், கோரியோ விரிகுடாவின் கரையில் ஜீலாங் என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். நான் போன அன்று நல்ல வெயில். ஆனால் காற்றோ எலும்பைத் துளைத்தது. அங்கியின் மேல் ஒரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தேன்.

தூரத்தில் சிலர் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். பளிச்சென்ற சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக உடை. அருகே போகிறேன்; ஒருவரும் அசையவில்லை. இன்னும் அருகே போனேன். மனிதர்கள் அல்லர், மரத்தூண்கள்! ஓர் ஆள் உயரத்துக்கும் சற்று மேலே, பருத்த உருண்டையான தூண்கள். உச்சியிலே தலையும் முகமும் செதுக்கி, உடம்பு முழுவதும் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். யாரோ தெரிந்தவர் என்று நினைத்துக் கும்பிடப் போன என் கைகளை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டேன். நல்லவேளை, பார்ப்பதற்கு யாரும் இல்லை.

துறைமுகத்திலே கப்பல் வந்து நின்றால், அதன் வடத்தை இழுத்துக் கட்டுவதற்குக் கரையில் தடித்த கட்டைகள் நாட்டியிருப்பார்கள். ஆங்கிலத்தில் அதைப் போலார்டு என்பார்கள். நாம் கட்டுத்தறி என்று சொல்லலாம். ஜீலாங் கரையில் நிற்பவற்றுக்கும் போலார்டு என்றுதான் பெயர். கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும் என்பது நம் பழமொழி. அந்த ஊரிலோ கட்டுத்தறி சரித்திரம் சொல்கிறது!

இந்த மர மனிதர்களைப் படைத்தவர் ஜான் மிட்செல் என்னும் பெண் ஓவியர். ஜான் என்றதும் ஆண் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே அது பெண்களுக்கும் வைக்கும் பெயர். 1990களில் ஜீலாங் நகராட்சி தன் கடற்கரையைச் சீர்திருத்தியபோது இந்தப் பணியை அவரிடம் ஒப்படைத்தது. அவர் கையில் எடுத்த மரம் எது தெரியுமா? தேக்கும் சந்தனமும் அல்ல. பழைய இறங்குதுறையைத் தண்ணீருக்குள் நின்று தாங்கிய மரத்தூண்கள். பாலம் போனபின் எதற்கும் உதவாது என்று ஒதுக்கப்பட்ட கட்டைகள். உப்பு ஊறியவை, வெடிப்பு விழுந்தவை. அவற்றை எடுத்துத் துப்புரவாக்கி, தலையைச் செதுக்கி, வண்ணம் பூசி, நூற்றுக்கு மேற்பட்ட மனிதர்களாக்கி, ரிப்பிள்சைடு பூங்காவிலிருந்து லைம்பர்னர்ஸ் முனை வரையிலும் சில கிலோமீட்டர் நீளத்துக்கு நிறுத்திவிட்டார்.

லைம்பர்னர்ஸ் முனை என்றால் சுண்ணாம்பு சுட்டவர்களின் முனை. அந்தக் காலத்தில் அங்கே சுண்ணாம்புக் காளவாய் இருந்தது. நம் கடலோரக் கோயில்கள் பலவும் சிப்பி சுட்ட சுண்ணாம்பில் எழும்பியவைதாமே! வேற்று நாட்டில் அந்தப் பெயரைக் கேட்டதும் சொந்த ஊர் மணம் வந்தது.

அந்த மர மனிதர்களிடம் நான் மூன்று பாடங்கள் கற்றுக்கொண்டேன். அவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலாவது: ஊர் என்பது சாதாரண மக்களே.

நான் பார்த்த ஊர்களில் எல்லாம் சிலைக்கு ஓர் இலக்கணம் உண்டு. உயர்ந்த மேடை, கையில் வாளோ புத்தகமோ, சுற்றிலும் கம்பி வேலி. பெயரைப் படிக்க வேண்டுமானால் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஜீலாங் கட்டுத்தறிகளுக்கு மேடை இல்லை. நீங்களும் நானும் நடக்கும் தரையில் அவையும் நிற்கின்றன. குழந்தைகள் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். களைத்தவர்கள் சாய்ந்துகொள்கிறார்கள்.

யார் யார் நிற்கிறார்கள்? மீனவர்கள் நிற்கிறார்கள். மாலுமிகள் நிற்கிறார்கள். வாத்தியங்களோடு ஒரு பேண்டு குழு நிற்கிறது. அந்த ஊர்க் கால்பந்துக் கழகம் 1859-ஆம் ஆண்டு தொடங்கியது. இன்றும் அவ்வூரின் உயிர்மூச்சு அதுதான். அதன் ஆட்டக்காரர்களும் நிற்கிறார்கள். கீழைக் கடற்கரை என்னுமிடத்தில் 1930களில் நீச்சல் வளாகம் ஒன்று கட்டினார்கள். அந்தப் பக்கம் உயிர்காப்பு வீரர்களும், பழைய காலத்து நீச்சலுடை அணிந்த பெண்களும் வரிசையாகப் புன்னகை செய்கிறார்கள். பங்குச் சாமியார் அதைப் பார்த்தாரா என்று நீங்கள் கேட்க வேண்டாம், பார்த்தேன். அந்தக் கால நீச்சலுடை நம் ஊர்ப் பள்ளிச் சீருடையைவிட அடக்கமானது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இவர்களெல்லாம் ஏன் அங்கே நிற்கிறார்கள்? அந்த ஊரை உண்டாக்கியவர்கள் அவர்கள் என்பதால்தான். 1851-இல் உள்நாட்டில் பல்லராட் பக்கம் தங்கம் கிடைத்தது. உலகத்தின் நான்கு திசைகளிலிருந்தும் மக்கள் வந்து ஜீலாங் துறையில் இறங்கினார்கள். 1857-இல் மெல்போர்னுக்கு ரயில் வந்தது. தங்கம் குறைந்தது, ஆட்டு ரோமம் தொடர்ந்தது. கரையோரத்தில் பெரிய பெரிய கம்பளிக் கிடங்குகள் எழுந்தன. அவற்றில் ஒன்று 1988 முதல் கம்பளி அருங்காட்சியகமாக இருக்கிறது. 1925-இல் ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலை வந்தது. தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டது. 2016-இல் அங்கே உற்பத்தி நின்றது. தங்கம் வந்து போயிற்று, ஆலை வந்து போயிற்று. ஊர் மட்டும் நிற்கிறது. மூட்டை சுமந்தவனும் வலை இழுத்தவனும் தாளம் தட்டியவனும் நிலைத்து வாழ்ந்ததால் நிற்கிறது.

கடற்கரையிலிருந்து சற்று மேட்டில் தேவதூதர்களின் அன்னை மரியாவின் பேராலயம் இருக்கிறது. நான் அங்கே போய்ச் சற்று நேரம் முழந்தாளிட்டேன். கருங்கல்லில் எழும்பிய பெரிய கோயில். 1854-இல் வேலை தொடங்கியது. முழுவதும் கட்டி முடித்தது எப்போது? 1937-இல்! எண்பத்து மூன்று ஆண்டுகள்! நம் சமூகக் கூடத்தின் கூரை இரண்டு வருடமாக முடியவில்லை என்று என்னிடம் முறையிடுகிறவர்கள் இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. எண்பத்து மூன்று ஆண்டுகளில் கல் சுமந்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் எல்லாருடைய பெயரையும் எந்தக் கல்வெட்டு தாங்கும்?

இரண்டாவது: உண்மையைச் சொல்லாத நினைவு நினைவல்ல.

அந்தத் தூண்களின் அடிப்பக்கத்தைக் கூர்ந்து பார்த்தபோது ஓர் அதிசயம் கண்டேன். ஒன்றின் காலடியில் ஒரு சிறு முயல். சற்றுத் தள்ளி இன்னொன்றிலும் ஒரு முயல். அழகுக்காக வரைந்திருக்கிறார்கள் என்றெண்ணினேன். பக்கத்துப் பெஞ்சில் பேத்தியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஃபாதர், அது அழகுக்கு இல்லை. அது எங்கள் குற்றப் பத்திரிகை."

அந்தக் கதையைக் கேளுங்கள். ஜீலாங்குக்கு மேற்கே வின்செல்சி என்ற இடத்தில் தாமஸ் ஆஸ்டின் என்றொரு நிலச்சுவான்தார் இருந்தார். இங்கிலாந்தில் முயல் வேட்டையாடிப் பழகியவர். இங்கேயும் அந்தப் பொழுதுபோக்கு வேண்டும் என்று 1859-ஆம் ஆண்டு தம் பண்ணையில் இரண்டு டஜன் அளவில் முயல்களைக் கொண்டுவந்து விட்டார். அந்த நாட்டில் அவற்றைக் கட்டுப்படுத்தப் போதிய எதிரி இல்லை, குளிரும் கடுமையாக இல்லை, புல்லுக்கோ பஞ்சமில்லை. சில பத்தாண்டுகளில் முயல்கள் கோடிக்கணக்கில் பெருகிக் கண்டத்தின் பெரும்பகுதியை மேய்ந்துவிட்டன. விளைநிலம் போயிற்று; மேய்ச்சல் போயிற்று; சொந்த மண்ணின் செடிகளும் சிறு பிராணிகளும் அழிந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் முயலைத் தடுக்க ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான வேலியை 1907-இல் கட்டி முடித்தார்கள். முயல் அதையும் தாண்டிப் போயிற்று. 1950-இல் நோய்க்கிருமியை ஏவி அவற்றின் தொகையைக் குறைத்தார்கள். இன்றும் தொல்லை முழுவதும் தீரவில்லை. 2022-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சியும் இந்தப் பெருக்கத்தின் வேர் ஆஸ்டின் விட்ட முயல்களே என்று காட்டியது.

ஊருக்குப் பெருமை சேர்க்க வைத்த சிலைகளின் காலடியில் ஊரின் பெரும் பிழையையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். வேடிக்கையாக, கசப்பில்லாமல், ஆனால் மறைக்காமல். எனக்கு அந்தச் சின்ன முயல் பெரிய பிரசங்கம் செய்தது.

அதைவிடக் கனமான உண்மை ஒன்றும் அந்தக் கரையில் இருக்கிறது. கப்பல்கள் வருவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தார்கள். வதவுரங் மக்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். 1802-இல் மேத்யூ ஃபிளிண்டர்ஸ் என்ற கப்பல் தலைவர் அந்த விரிகுடாப் பகுதிக்கு வந்து, அருகிலுள்ள குன்றின்மேல் ஏறிச் சுற்றிலும் பார்த்தார். 1824 டிசம்பரில் ஹியூம், ஹோவெல் என்ற இருவர் தரை வழியாக வந்து சேர்ந்தார்கள். "இந்த இடத்துக்கு என்ன பெயர்?" என்று கேட்டார்கள். நிலத்தை கோரயோ என்றும், விரிகுடாவை ஜில்லாங் என்றும் அம்மக்கள் சொன்னார்கள். பிற்பாடு வந்தவர்கள் வரைபடம் எழுதியபோது நிலத்தின் பெயர் கடலுக்குப் போய்விட்டது. கடலின் பெயர் ஊருக்கு வந்துவிட்டது. இன்றுவரை அப்படியே இருக்கிறது.

பிரியமானவர்களே, கேட்டவர்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் உண்டா? பெயரை மாற்றிப் போட்டதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 1835-க்குப் பிறகு குடியேறியவர்களின் ஆடுகள் அவர்கள் நிலத்தையும் நீர்நிலைகளையும் பிடித்துக்கொண்டன. நோயும் பசியும் துப்பாக்கியும் சேர்ந்து, சில பத்தாண்டுகளுக்குள் அந்த மக்களைக் கைவிரல் விட்டு எண்ணத்தக்க அளவுக்குக் குறைத்துவிட்டன. அவர்களோ தப்பி வந்த ஓர் ஆங்கிலக் கைதியை முப்பத்திரண்டு ஆண்டுகள் தங்களோடு வைத்துக் காப்பாற்றியவர்கள்! வில்லியம் பக்லி என்பது அவன் பெயர். 1803-இல் தப்பி ஓடினான். அவர்கள் மொழியைப் பேசி, அவர்கள் மீனைத் தின்று, 1835-இல்தான் வெள்ளையர் முகாமுக்குத் திரும்பி வந்தான். அந்நியனுக்குச் சோறு போட்டவர்களுக்கு அந்நியர்கள் செய்த கைம்மாறு அது.

இந்தத் தூண்களின் வரிசையில் அந்த ஆதிக்குடிகளுக்கும் இடம் உண்டு. அது போதுமா என்று கேட்டால், போதாது. பறித்த நிலத்துக்கு ஒரு மரத்தூண் ஈடாகாது. ஆனாலும் ஊர்க்கதையை வெள்ளைக்காரன் கப்பலிலிருந்து தொடங்காமல், அதற்கு முன் இருந்தவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்ற அறிவாவது அங்கே நிற்கிறது. அந்த மக்களின் வழிவந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள், தங்கள் மொழியைத் திரும்ப எடுத்துப் பேசுகிறார்கள், பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள்.

மூன்றாவது: மரத்துக்கு வண்ணம் வேண்டும்.

கல் என்றால் வைத்துவிட்டு மறந்துவிடலாம். மரம் அப்படியன்று. கடற்காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டு ஜன்னல் கம்பியைக் கேட்டால் சொல்லும். அங்கேயும் உப்புக் காற்று அடிக்கிறது, வெயில் சுடுகிறது. வண்ணம் மங்குகிறது, மரம் வெடிக்கிறது, அடிப்பாகம் உளுத்துப்போகிறது. ஜான் மிட்செல் அம்மையார் 2008-இல் காலமாகிவிட்டார். படைத்த கை ஓய்ந்துவிட்டது. இனி அந்த மீனவனுடைய தொப்பிக்கு யார் வண்ணம் பூசுவது? அந்தப் பேண்டு வாத்தியக்காரனின் கன்னத்து விரிசலை யார் அடைப்பது?

மற்றவர்கள்தான் செய்தாக வேண்டும். பழுதானதைக் கழற்றிக்கொண்டு போய்ச் சீர்செய்து மீண்டும் நிறுத்த வேண்டும். அதற்குப் பணம் வேண்டும், பொறுமை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது வேண்டும் என்று நினைக்கிற மக்கள் வேண்டும். அதே கடற்கரையில் 1892-ஆம் ஆண்டுக் குடை ராட்டினம் ஒன்று இருக்கிறது. அதன் குதிரைகளும் செதுக்கி வண்ணமிட்ட மரம்தான். அவை இன்றும் சுற்றுகின்றன. ஏறி உட்காரக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதால் பராமரிக்க ஆட்களும் இருக்கிறார்கள். நினைவு என்பது ஒருமுறை செய்துவைக்கும் சாமான் அன்று. ஒவ்வொரு தலைமுறையும் தன் தூரிகையால் மீண்டும் பூசவேண்டிய வண்ணம்.

இது நமக்குத் தெரியாததா? நம் சப்பரம் மரம். நம் பழைய சுரூபங்கள் மரம். திருவிழாவுக்கு முன் சுரூபத்துக்கு வண்ணம் பூசுகிறவரின் பக்கத்தில் நின்று, கண் எழுதும்போது மூச்சுவிடாமல் பார்த்தவர்கள்தாமே நாம்!

இனி ஒரு பாவசங்கீர்த்தனம். வழக்கமாக நீங்கள் சொல்ல நான் கேட்பேன். இன்று நான் சொல்கிறேன், நீங்கள் கேளுங்கள்.

நான் குருப்பட்டம் பெற்ற புதிதில் வேறொரு கடற்கரைப் பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். ஊர் எது என்பது வேண்டாம். பழைய கோயிலை இடித்துப் புதிய கோயில் கட்டிக்கொண்டிருந்த நேரம். பழைய கோயிலின் மரத்தூண்கள், உத்தரங்கள், கை உடைந்த ஒரு சம்மனசு, பழைய பிரசங்கத் தொட்டி எல்லாம் முற்றத்தில் குவிந்து கிடந்தன. பங்குக் குரு ஊரில் இல்லை. நான் இளைஞன், சுறுசுறுப்பானவன், குருமடத்தில் தத்துவமும் இறையியலும் படித்து வந்தவன். முற்றம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது என் தத்துவம். செங்கல் சூளைக்காரர் ஒருவரை வரவழைத்து எல்லாவற்றையும் விறகு விலைக்குக் கொடுத்துவிட்டேன். நல்ல காரியம் செய்துவிட்டதாக அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலைப் பூசைக்குப் பிறகு ஒரு பாட்டியம்மா வந்தார்கள். முற்றத்தைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"சாமி, இங்க கிடந்த தூணெல்லாம் எங்க?"

"வித்தாச்சு பாட்டி. பழைய மரந்தானே."

பாட்டி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் மறந்திருப்பேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சற்று நேரம் நின்றார்கள்.

"வலது பக்கம் மூணாவது தூண் சாமி. எங்க அய்யா தோள்ல சுமந்து வந்தது. கீழ உளியால ஒரு சின்ன மீன் செதுக்கி வச்சிருந்தாரு. சின்னப்புள்ளையில பூச நேரத்துல அதத் தடவிக்கிட்டே உக்காந்திருப்பேன். எங்க அய்யாவுக்குப் படம் கிடையாது. அவர் கை பட்டதுன்னு எனக்கு இருந்தது அது ஒண்ணுதான்."

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சூளைக்கு ஓடினேன். சாம்பல்தான் இருந்தது.

அந்தப் பாட்டியின் நல்லடக்கப் பூசையை நான்தான் நிறைவேற்றினேன். மன்றாட்டில் அவர்களுக்காக வேண்டிக்கொண்டபோது, அந்தச் சின்ன மீனுக்காகவும் மன்னிப்புக் கேட்டேன். பல ஆண்டுகள் கழித்து ஜீலாங் கரையில், யாருக்கும் வேண்டாத கட்டைகள் முகம் பெற்று நின்றதைக் கண்டபோது என் நெஞ்சிலே என்ன ஓடியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இப்போது நம் கோயிலுக்குப் பின்புறம் வருவோம். வருவேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா?

பழைய கோயிலின் மரத்தூண்கள் பன்னிரண்டு, கூடத்துக்குப் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கின்றன. விற்று ஜூபிலிச் செலவுக்கு ஆக்கலாம் என்று ஒரு யோசனை. இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன என்று ஒரு முறையீடு. விழாக் குழுவினர் மனம் வருந்தக்கூடாது. அவர்கள் கணக்குப் பார்ப்பது அவர்கள் கடமை. ஆயினும் நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று: அவசரப்பட வேண்டாம். பன்னிரண்டு தூண்களுக்கும் பன்னிரண்டு முகங்கள் தேடுவோம்.

யார் முகம்? குருக்களுடைய முகம் வேண்டாம். எங்கள் படங்கள் கூடத்துச் சுவரில் ஏற்கனவே வரிசையாகத் தொங்குகின்றன. நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கல்வெட்டு உண்டு. இவர்களைத் தவிர்த்து, ஒவ்வொரு தெருவும் ஒரு பெயர் கொண்டுவாருங்கள். புயல் நாளில் போனவர்களைத் தேடிக் கட்டுமரம் தள்ளியவர் யார்? சம்பளம் வாங்காமல் எத்தனையோ ஆண்டுகள் கோயில் மணி அடித்த கோயில்பிள்ளை யார்? தலைச்சுமையாக மீன் கொண்டுபோய் விற்று, அந்தக் காசில் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய் யார்? பிரசவம் பார்த்த மருத்துவச்சி யார்? இந்தக் கோயிலுக்கு மணலும் கல்லும் சுமந்த பெண்கள் யார் யார்? உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். இன்றே கேளுங்கள். பெரியவர்களும் மரத்தைப் போலத்தான்; காத்திருக்கமாட்டார்கள்.

இன்னும் ஒன்று. நம் தூணின் அடியில் ஒரு முயலும் வரைய வேண்டும். நம் ஊரின் முயல் எது? உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு காலத்தில் இந்தக் கோயிலுக்குள் இன்னார் இங்கேதான் உட்காரலாம், இன்னார் அங்கேதான் நிற்கலாம் என்று கோடு போட்டு வைத்திருந்தோம். பின்னால் நின்றவர்களும் இதே கோயிலுக்குக் கல் சுமந்தவர்கள்தாம். மலரில் அச்சாகும் வரலாற்றில் அது இல்லை. நானும் தேடிப் பார்த்தேன். விழா நாளில் இதையெல்லாம் ஏன் கிளறுகிறீர்கள் என்று சிலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. தாமஸ் ஆஸ்டின் விட்ட முயல் சில டஜன்தான். விட்டவர் அன்றே வருந்திப் பிடித்திருந்தால் ஒரு நாடு தப்பியிருக்கும். சிறிது என்று விட்டது பெருகும். மறைத்து வைத்தது அதைவிடப் பெருகும். ஆகவே அந்தப் பன்னிரண்டில் ஒரு முகம் பின்வரிசையில் நின்றவர்களில் ஒருவருடையதாக இருக்கட்டும். அது முன்வரிசையில் நிற்கட்டும்.

இளைஞர்களே, உங்களில் வண்ணம் தீட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். தேர்தல் நேரத்தில் சுவர்களைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். தச்சு வேலை தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். படகுக்குக் கண் எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள். ஜான் மிட்செல் அம்மையாருடைய வேலைத்திறன் நமக்கு வேண்டாம். மூக்கு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பாதகமில்லை. நம் முன்னோர்களுக்கும் மூக்கு நேராகத்தான் இருந்தது என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.

கட்டுத்தறி எதற்கு? கப்பலைச் சிறைவைக்கவா? இல்லை. அலையும் காற்றும் இழுக்கும்போது அது அடித்துக்கொண்டு போகாமல் பிடித்துவைக்க. புறப்படும் நேரம் வரும்போது வடத்தை அவிழ்த்துவிடுவார்கள்; கப்பல் போகும்; மறுபடி வரும்போது கட்டுவதற்கு அதே தறி கரையில் நிற்கும். நம் பிள்ளைகள் இன்று வளைகுடாவுக்கும் வடநாட்டுக்கும் கப்பல் வேலைக்கும் போகிறார்கள். போகட்டும், வாழட்டும். அவர்கள் திரும்பி வரும்போது கயிற்றை வீசிக் கட்ட இந்தக் கரையில் ஏதாவது நிற்கிறதா? "இவர் யார் தெரியுமா? உன் பாட்டனுக்குப் பாட்டன்" என்று தங்கள் குழந்தைக்குக் காட்ட ஒரு முகம் இருக்கிறதா?

அடுத்த ஜூபிலியை நான் பார்க்கமாட்டேன். முன்வரிசையில் மணலில் இருக்கும் நீங்கள் பார்ப்பீர்கள். அன்று வேறொரு சாமியார் இதே இடத்தில் நின்று பேசுவார். அவர் பேச்சு நீளமாக இருந்தால், பக்கத்தில் நிற்கும் தூணின் அடியில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். அங்கே உளியால் செதுக்கிய ஒரு சின்ன மீன் இருக்கும். அதை நானே செதுக்கி வைப்பதாக இந்த ஜூபிலி நாளில் வாக்குக் கொடுக்கிறேன்.

இறைவன் நம் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக.